பவளம் கேட்பது மாறாத தண்ணீர்

பழவேற்காட்டு ஏரி முதல் மன்னார் வளைகுடா வரை: வீட்டுத் தொட்டியில் முதல் பவளம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்த பிறகு பழவேற்காடு ஏரித் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்தால் பல இடங்களில் உப்பே கரிக்காது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளாங்கியும் கொண்டுவந்து சேர்க்கும் வெள்ளத்தில் ஏரி ஏறக்குறைய நன்னீராகிவிடும். லிட்டருக்கு ஐந்து கிராம் உப்புகூடத் தேறாது. மழை பொய்த்த ஆண்டில், முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்ட கோடையின் கடைசியில், அதே ஏரி லிட்டருக்கு 50 கிராமைத் தாண்டிவிடும். கடல்நீரில் இருப்பதோ சராசரியாக 35 கிராம். ஒரே ஆண்டுக்குள் இந்த ஏற்ற இறக்கம் அத்தனையையும் தாங்குகிற உயிர்கள்தான் இங்கே குடியிருக்க முடியும். இறால், மடவை, கொடுவா, சேற்று நண்டு, ஆளி எல்லாம் அப்படிப்பட்டவை.

பவளம் இங்கே இல்லை. இருக்கவும் முடியாது. அதனால்தான் கண்ணாடித் தொட்டி வாங்கி, விளக்கு மாட்டி, முதல் பவளத்தை அதில் வைக்க நினைக்கிறவர்கள் ஒருமுறை இந்த ஏரிக்கரைக்கு வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிறேன். பவளத்துக்கு எதெல்லாம் ஆகாதோ, அதெல்லாம் இங்கே கண் முன்னால் நடக்கிறது.

ஏரியும் ஆளியும்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் இருக்கிறது திருப்பாலைவனம். திருப்பாலீஸ்வரர் கோயில் உள்ள பழைய ஊர். அதைத் தாண்டினால் வயல்கள் மெல்லக் குறைந்து, காற்றில் உப்பும் கருவாடும் மணக்கத் தொடங்கும். சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி மட்டும் தமிழ்நாட்டில். ஆழமோ பெரும்பாலான இடங்களில் ஆள் உயரம்கூட இல்லை. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதும் இந்தக் கரையில்தான்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் 'பாடு' என்ற முறையைத் தலைமுறைகளாகக் கடைப்பிடிக்கிறார்கள். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை வைப்பது என்று ஊரே கூடி முறை பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. இன்னொரு பக்கம் இருளர் பெண்கள். இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலையில் முடைந்த 'பறி'யைப் பற்களால் கடித்துப் பிடித்திருப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் வேலையாக இருக்கும்போது, சிக்கிய இறாலைப் போட வேறு வழியில்லை. வலையும் இல்லை, படகும் இல்லை. எந்த மாதம் எந்தத் திட்டில் இறால் ஒதுங்கும், தண்ணீர் எப்போது 'தித்திக்கும்', எப்போது 'கரிக்கும்' என்ற அறிவு ஒன்றே அவர்களுடைய மூலதனம்.

முகத்துவாரம் மூடிக்கொண்டால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. அதை நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கேட்டு இந்த ஊர்க்காரர்கள் எத்தனையோ ஆண்டுகளாக மனுக் கொடுத்தும் போராடியும் வந்திருக்கிறார்கள். தண்ணீரின் குணம் மாறினால் பிழைப்பு மாறும் என்பது அவர்களுக்குப் புத்தகத்தில் படித்த செய்தி இல்லை.

பவளத்துக்கு உறவுமுறை சொல்லத்தக்க உயிர் ஒன்று இந்த ஏரியில் இருக்கிறது. அது ஆளி. பவளத்தைப் போலவே தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தை எடுத்துச் சுண்ணாம்பாக்கி வீடு கட்டுகிறது. ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் திட்டாக வளர்கிறது. பழவேற்காட்டில் தோண்டிய கிளிஞ்சலும் ஆளி ஓடும் பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகளில் சென்னைக்குப் போய், சூளையில் வெந்து, பழைய கட்டடங்களின் சுண்ணாம்புப் பூச்சாகின. ஆனால் ஆளிக்கு ஒரு வசதி உண்டு. வெள்ளம் வந்து உப்பு குறைந்தால் இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கும். பவளத்துக்கு மூடிக்கொள்ளக் கதவு இல்லை. மெல்லிய தோலும் வாயும் உணர்விழைகளும் கொண்ட அந்தச் சிறிய உடம்பு, தண்ணீர் எப்படி இருக்கிறதோ அப்படியே அதை ஏற்றாக வேண்டும். இராமநாதபுரம், தூத்துக்குடிக் கடலில் பாறை பாறையாக வளரும் பவளம் சோழமண்டலக் கரையின் வட பகுதியில் பாறை கட்டாததற்கு ஆறுகள் கொட்டும் வண்டலும் நன்னீரும் மணல் தரையுமே காரணம்.

பவளம் என்பது என்ன?

மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் வேறு. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்த சரக்கு. சென்னை மண்ணடியில் பவளக்காரத் தெரு என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது. பவளத்தை இறக்கி வைரத்தை ஏற்றிய யூத வணிகர்கள் வாழ்ந்த தெரு அது. தொட்டிக்காரர்கள் ஆசைப்படுவதோ வெப்பக் கடலின் ஆழம் குறைந்த இடங்களில் பாறை கட்டும் பவளத்தை.

பார்ப்பதற்குக் கல், செடி, பூ என்று எப்படித் தெரிந்தாலும் அது விலங்கு. ஒவ்வொரு 'பூ'வும் வயிறும் வாயும் உள்ள ஒரு தனி உயிர். அதன் தோலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைத்துக் கொடுக்கும் சர்க்கரையில்தான் பவளம் தன் ஆற்றல் தேவையின் பெரும்பகுதியை, பல இனங்களில் பத்தில் ஒன்பது பங்குவரை, தீர்த்துக்கொள்கிறது. தண்ணீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடேறிச் சில வாரம் நீடித்தால் இந்த உறவு முறிகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். தள்ளியதும் நிறம் போய் வெளுக்கும். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லையென்றால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இப்படித்தான் பெரும் வெளுப்பு நேர்ந்தது.

முதலில் சட்டம்

எப்படி வளர்ப்பது என்று சொல்வதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம். 2001இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. கரும்பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம், குழல் பவளம் ஆகியவையும் அதே பட்டியலில் சேர்ந்தன. பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணை உயிரினக் குற்றத்துக்கு மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுவரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

செத்த பவளத்துக்கும் இது பொருந்தும். மீன் தொட்டியில் அழகுக்குப் போடும் வெள்ளை வெளேரென்ற கிளைக்கல், வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் வைக்கும் 'கடல் பூ', இராமேஸ்வரம் போய்வந்தபோது யாரோ கையில் திணித்த கல் எல்லாம் இதில் அடக்கம். பலர் தெரியாமலேயே வைத்திருக்கிறார்கள். கடைக்காரர், "இது செத்த கல்லுதான் சார், ஒன்றும் ஆகாது" என்று சொன்னால் அது சட்டத்தின் முன் செல்லாது.

இந்தக் கடுமை தேவையா என்று கேட்பவர்கள் மன்னார் வளைகுடாவின் கதையைக் கேட்க வேண்டும். அங்கே பல பத்தாண்டுகள் பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்துப் படகு படகாகக் கொண்டுவந்து சுண்ணாம்புச் சூளைக்கும் தொழிற்சாலைக்கும் விற்றார்கள். வீட்டுச் சுவருக்கும் அதே கல்தான். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்களில் இன்றும் பவளக்கல்லின் வரிகளைப் பார்க்கலாம். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் இது நிற்கவில்லை. சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில்தான் ஓய்ந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பாறை போனதும் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போனது முக்கியமான காரணம்.

ஆகவே தமிழ்நாட்டில் இருக்கும் வாசகருக்கு என் பதில் நேரடியானது: கல் பவளம் வீட்டுக்கு வேண்டாம். சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ போன்ற இடங்களில் வாழும் நம்மவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே பண்ணையில் வெட்டி வளர்த்த பவளத் துண்டுகள் உரிய அனுமதிச் சீட்டோடு கடைகளில் கிடைக்கின்றன. அடுத்த பகுதி அவர்களுக்குக் கைக்கு உதவும். இங்கிருப்பவர்களுக்கு, கடல் எதையெல்லாம் காசு வாங்காமல் செய்துகொண்டிருக்கிறது என்று காட்டும்.

கோனியோபோரா என்னும் சோதனை

முதல் பவளம் வாங்கப் போகிறவர் கண்ணில் பெரும்பாலும் முதலில் படுவது கோனியோபோரா. ஆங்கிலத்தில் பூந்தொட்டிப் பவளம் என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். உருண்டைக் கல்லின் மேல் நூற்றுக்கணக்கான நீண்ட தண்டுகள், ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஒரு பூ. எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு பூவிலும் 24 இதழ்கள் இருக்கும். தண்ணீர் ஓட்டத்தில் மொத்தமும் ஒருசேர அசையும். விரலால் தொட்டால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் கல்லாகிவிடும். இந்த அழகுக்கு மயங்கித்தான் அனுபவமில்லாதவர்கள் வாங்குகிறார்கள். நம் மன்னார் வளைகுடாவிலும் இந்தப் பேரினம் உண்டு.

இதன் சிக்கல், சாவதை உடனே காட்டிக்கொள்ளாததுதான். வாங்கிய முதல் மாதம் நன்றாகவே இருக்கும். பிறகு தண்டுகளின் நீளம் வாரத்துக்கு வாரம் குறையும். காலையில் விரிய நேரமாகும். ஒரு பக்கம் விரியாமலே இருக்கும். அந்த இடத்தில் சதை விலகி எலும்புக்கல் தெரியும், அதில் பச்சைப் பாசி படரும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மிஞ்சுவது பாசி பிடித்த கல். 1990களில் உலகெங்கும் தொட்டிக்காரர்கள் இப்படி எத்தனையோ கோனியோபோராக்களை இழந்தார்கள். ஒன்று செத்தால் இன்னொன்றைக் கடலிலிருந்து பெயர்த்து வந்தார்கள். வெளிச்சம் மட்டும் அதற்குப் போதாது, நுண்ணிய உணவும் வேண்டும், மாங்கனீசு, இரும்பு போன்ற நுண்தாதுக்களும் வேண்டும் என்பது மெல்லத்தான் புரிந்தது. இன்று பண்ணையில் வளர்த்த துண்டுகள் பழையவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன. ஆனாலும் முதல் பவளமாக இதை வாங்குகிறவர் தன்னை மட்டுமல்ல, அந்த உயிரையும் சோதனைக்கு உட்படுத்துகிறார்.

அதற்கு என்னென்ன வேண்டும்?

முதலில் காலம். புதுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய அன்றே பவளம் வைக்கக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். அதற்கே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதன் பிறகும் தொட்டி பக்குவப்பட மாதங்கள் பிடிக்கும். கோனியோபோரா போன்ற ஒன்றை ஒரு வருடம் ஓடிய தொட்டியில் வைப்பதுதான் நியாயம்.

அடுத்தது உப்பு. நூறு லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 35 கிராம் வீதம் மொத்தம் மூன்றரைக் கிலோ உப்பு அதில் இருக்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். பத்து லிட்டர் வற்றினால் மிச்சத் தண்ணீரில் உப்பு லிட்டருக்கு 39 கிராமை நெருங்கிவிடும். மின்விசிறிக் காற்று படும் திறந்த தொட்டியில், கோடையில், சில நாட்களில் இது நடந்துவிடும். பழவேற்காடு ஏரியில் கோடை முழுக்க நடப்பதன் சிறிய வடிவம் இது. அதனால் வற்றியதை ஈடுகட்ட உப்பில்லாத சுத்திகரித்த தண்ணீரைத் தினமும் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும். புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும், நாக்கும் அனுபவமும் இங்கே போதாது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழும்: கடல் பக்கத்திலேயே இருக்க, உப்பு வாங்கிக் கலக்க வேண்டுமா? வடகிழக்குப் பருவக் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே பாய்கிறது. கங்கை, கோதாவரி, கிருஷ்ணா ஆகியவை வங்கக் கடலில் கலந்த நன்னீரை அது நம் கரையோரமாக இழுத்து வருகிறது. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை சென்னைக் கடலின் மேல்நீரில் உப்பு குறைவாக இருப்பதற்கு உள்ளூர் மழையோடு இதுவும் காரணம். எண்ணூர் பக்கம் துறைமுகம், அனல்மின் நிலையம், ஆலைகள் எல்லாம் இருக்கின்றன. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்ததும் மறக்கக்கூடிய செய்திகள் அல்ல. கரையில் குடம் வைத்து மொண்ட தண்ணீரைப் பவளத்துக்கு ஊற்றக் கூடாது.

சூடு 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். சித்திரை, வைகாசியில் குளிர்சாதனம் இல்லாத நம் வீட்டு அறையில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரிக்கு எளிதில் ஏறும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும், அது ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் பம்பு நிற்கும், ஓட்டம் நின்ற தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், சில மணி நேரத்தில் மீனும் பவளமும் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

பிறகு கல் கட்டும் பொருட்கள். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மெக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவில், காரத்தன்மை எட்டு, ஒன்பது டிகிரி. பவளம் வளர வளர இவற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நாமும் அளந்து அளந்து ஈடுகட்ட வேண்டும். எட்டில் இருக்கிறதா ஒன்பதில் இருக்கிறதா என்பது பெரிய விஷயமில்லை. நேற்று ஏழு, இன்று பத்து என்று தாவுவதுதான் கொல்லும். எண் குறைவதைப் பார்த்துப் பதறி, ஒரே நாளில் மருந்தைக் கொட்டுகிறவர்களின் தொட்டியில்தான் பவளம் அதிகம் சாகிறது.

இவ்வளவும் சரியான பிறகு கோனியோபோராவை அடித்தரையில், நேரடி ஓட்டம் படாத இடத்தில், மிதமான வெளிச்சத்தில் வைக்க வேண்டும். புதிதாக வந்ததை உச்சி விளக்கின் கீழ் வைத்தால் வெளுத்துவிடும். வாரம் இரண்டு மூன்று முறை, பம்பை நிறுத்திவிட்டு, பொடித்த மிதவையுயிர் உணவைத் தண்ணீரில் கரைத்து, குழாயால் பூக்களின் மேல் மெல்லத் தூவ வேண்டும். உற்றுப் பார்த்தால் இதழ்கள் ஒவ்வொன்றாக உள்பக்கம் மடங்கித் துகளை வாய்க்குக் கொண்டுபோவது தெரியும். அளவு மிஞ்சினால் மிச்சம் அழுகி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும். எல்லாவற்றுக்கும் மேல், இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கக் கூடாது. வைத்த இடத்திலேயே வாரக்கணக்கில் விட்டுவிட வேண்டும். ஆசையோடு வாங்கியவருக்கு இதுதான் மிகக் கடினம்.

இன்னொரு எச்சரிக்கை. பட்டன் போல இருக்கும், கல் கட்டாத பவள வகைகள் சிலவற்றில், குறிப்பாகப் பாலிதோவாவில், பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யப் போய், ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் கொதிக்கவைக்கக் கூடாது.

ஜகார்த்தாவும் பெர்லினும்

வீட்டுத் தொட்டியில் பவளம் வாழும் என்று உலகுக்குக் காட்டியவர்களில் முன்னோடி ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். கடலிலிருந்து உயிருள்ள பாறைக் கற்களை எடுத்துவந்து போட்டு, காற்றுக் குமிழி விட்டு, வெயில் படும்படி வைத்தார். வடிகட்டி எதுவும் இல்லை. 1961இல் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தபோது மேலைநாட்டவர் எளிதில் நம்பவில்லை. வெப்பமண்டலத்துக் கடற்கரைக்காரருக்கு வெயிலும் சுத்தமான கடலும் வாசலில் இருந்தன. அவற்றை அப்படியே பயன்படுத்திக்கொண்டார். பிறகு 1980களில் பெர்லினில் டீட்ரிஷ் ஸ்ட்யூபர் என்பவர் கிளைப்பவளமான அக்ரோபோராவைத் தொட்டியிலேயே வளர்த்து, கிளைகளை ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அந்த ஒரு தாய்க் கிளையின் வாரிசுகள் ஐரோப்பாவின் எத்தனையோ தொட்டிகளுக்குப் பரவின. கடலைத் தொடாமல் பவளத்தைப் பெருக்க முடியும் என்பது அப்போதுதான் நிரூபணமானது.

ஆனாலும் வியாபாரம் கடலை விடவில்லை. உலகத் தொட்டிகளுக்குப் பவளம் அனுப்புவதில் முதலிடத்தில் இருந்த இந்தோனேசியா 2018இல் ஏற்றுமதியையே நிறுத்தியது. 2020இல் மீண்டும் தொடங்கியபோது பண்ணையில் வளர்த்தவற்றுக்கே முன்னுரிமை கொடுத்தது.

நம் ஊரில் இந்த ஆர்வம் புதிதல்ல. சென்னை மெரினாவில் 1909இலேயே கடல்மீன் காட்சியகம் இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் உருவானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடினார்கள். அதே அருங்காட்சியகம் 1927இல் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி ஒரு பெரிய தொகுப்பை வெளியிட்டது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த கோபிநாத பிள்ளை பின்னாளில் நம் பவளங்களை இனம் பிரித்துப் பட்டியலிட்டார். மன்னார் வளைகுடாவில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

கடலுக்குள் ஒரு நாற்றங்கால்

பவளம் வளர்ப்பதை நம் நாட்டில் உண்மையாகவே செய்துகாட்டியவர்கள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். பேட்டர்சன் எட்வர்டின் தலைமையில் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் பவள நடவு செய்து வருகிறது. நல்ல நிலையில் உள்ள பவளத்திலிருந்து விரல் நீளத் துண்டுகளை எடுத்து, சிறிய சிமென்ட் பலகைகளில் நைலான் கயிற்றால் கட்டுகிறார்கள். அந்தப் பலகைகளைக் கான்கிரீட் சட்டங்களின் மேல் பொருத்திக் கடலடியில் வைக்கிறார்கள். முத்துக்குளித்த, சங்கு குளித்த ஊர்களின் கடலில் இப்போது மூழ்குபவர்கள் செய்வது நடவு வேலை. பிறகு போய்ப் போய்ப் பார்க்க வேண்டும். பாசி மூடினால் துடைக்க வேண்டும், வண்டல் படிந்தால் தட்டிவிட வேண்டும், நோய் கண்ட துண்டை எடுத்துவிட வேண்டும். சில வாரங்களில் பவளச் சதை கயிற்றின் மேலேயே படர்ந்து பலகையோடு ஒட்டிக்கொள்ளும். கிளைவிடும் அக்ரோபோரா ஆண்டுக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர் வளரும். உருண்டையாக வளரும் போரைட்டிஸ் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது.

1960களின் கடைசியில் 16 ஹெக்டேராக இருந்த வான் தீவு, 2010களில் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே சுருங்கியது. 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைக் கட்டமைப்புகளை இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்து மணல் சேரத் தொடங்கியது. அந்தக் கட்டமைப்புகளின் மேல் பவளமும் ஒட்டியது, மீன்களும் வந்தன. இதெல்லாம் தொட்டி வளர்ப்பின் அதே கலைதான், கண்ணாடிச் சுவர் மட்டும் இல்லை. ஒரு தொட்டிக்காரர் சில்லருக்கும் உப்புக்கும் செலவழிக்கும் உழைப்பின் பலன் அவர் வீட்டோடு நிற்கிறது. இங்கே நட்ட துண்டு ஒரு தீவையும் அதை நம்பிய மீனவரையும் காக்கிறது. எது பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியானால் நம் வீட்டில்?

கடல் தொட்டி வைக்கும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஒரு பிள்ளை மணிக்கணக்காகக் கண்ணாடி முன் உட்கார்ந்து ஓர் உயிரைப் பார்ப்பது நல்ல காரியம். அதற்குப் பவளம்தான் வேண்டும் என்பதில்லை. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறை மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் கைவந்து பல ஆண்டுகளாகிவிட்டன. கேட்டு வாங்கினால் பொரிப்பகத்தில் பிறந்த மீனே கிடைக்கும். அடியில் வெறும் கல், பண்ணையில் பொரித்த இரண்டு கோமாளி மீன்கள், ஒழுங்கான தண்ணீர் என்று தொடங்கினால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கற்றுக்கொள்ள அதுவே போதும்.

பழவேற்காட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல வழி உவர்நீர்த் தொட்டி. சில்வர் மூனி, புள்ளி ஸ்காட் போன்ற உவர்நீர் அழகுமீன்களைச் செயற்கை முறையில் பொரிக்கவைப்பதில் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையம் வெற்றி கண்டிருக்கிறது. உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும் மீன்கள் இவை. மின்வெட்டும் வெயிலும் உள்ள நம் வீடுகளுக்குப் பொருத்தமானவை. அதே நிலையம் பழவேற்காட்டுச் சுற்றுவட்டார இருளர் குடும்பங்களோடு நண்டு, கொடுவா வளர்ப்பிலும் வேலை செய்திருக்கிறது. அழகுமீன் வளர்ப்பையும் அதோடு சேர்த்து, சென்னை கொளத்தூரின் அழகுமீன் சந்தைக்கு நேராக அனுப்ப வழி செய்தால், நாள் முழுக்கப் பறியைக் கடித்துக்கொண்டு சேற்றில் நிற்கும் பெண்களுக்கு இன்னொரு வருமானம் கிடைக்கும். கொளத்தூர் இங்கிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. பயிற்சி கொடுக்க ஆளும் இடமும் பக்கத்திலேயே உள்ளன. மீன்வளத் துறை இதை ஒரு திட்டமாக எடுத்துச் செய்ய வேண்டும். முகத்துவாரத்தை மணல் மூடாமல் காக்கும் பொறுப்பும் அதே அரசுக்குத்தான்.

வாசகர்களிடம் கேட்பது இரண்டு. அழகுமீன் கடையில் வெள்ளைக் கிளைக்கல்லையோ உயிருள்ள கல் பவளத்தையோ யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கடல் மீன் வாங்கும்போது, "இது கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் பிறந்ததா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.